மலையின் முதுகுப் பக்கம்

ராஜபாளையத்தில் வத்தல் காயப்போட வேண்டுமென்றால் முதலில் மேற்கே பார்க்க வேண்டும். பெரியம்மா ஐம்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறார். மொட்டை மாடிக்கு ஏறி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, மலையை ஒரு பார்வை. மலை துலக்கமாகத் தெரிந்தால் பழைய வேட்டியை விரித்து வத்தலைப் பிழிந்துவிடுவார். உச்சி மூடியிருந்தால், “இன்னைக்கு மலை சரியில்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ரேடியோவும் டிவியும் மழை பற்றி என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

போன ஆனி மாதம் ஒரு நாள் அவரிடம், “அந்த மேகம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கே போயிட்டு வருவோமா? மேகமலைனு பேரு” என்றேன். பெரியம்மா மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்தா கிட்டத்தானே இருக்கு. மத்தியானச் சோத்துக்கு வந்துரலாம்ல?”

கிட்டத்தான் இருக்கிறது. நேர்கோடு இழுத்தால் ராஜபாளையத்திலிருந்து மேகமலையின் ஹைவேவிஸ் வரை 30 கிலோமீட்டர் சொச்சம். காரில் போனால் சுமார் 180. மலையின் முகத்தைப் பார்த்தபடி நாம் இருக்கிறோம். முதுகில் ஏற வேண்டுமானால் வடக்கே போய், மேற்கே திரும்பி, மறுபடி தெற்கே இறங்கி, மூன்று மாவட்டங்களை மிதிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை என்று பெயர். நாட்டின் 51-வது, தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெயர்ப்பலகையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடுதான். தரையில் அந்தக் கோட்டைக் கடக்க அரைப் பகல் ஆகிறது. எங்களுக்கு அதற்கு மேலும் ஆனது. அது மலையின் குற்றமல்ல.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் செண்பகத்தோப்புக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, பேயனாறு, அதற்கு மேல் காடு. மலையை அந்தப் பக்கம் பார்ப்பதற்கு முன் இந்தப் பக்கத்தையும் ஒருமுறை சரியாகப் பார்த்துவிடலாமே என்று ஒரு எண்ணம். உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு இது ராக்காச்சி அம்மனுக்குக் கிடா வெட்டப் போகிற வழி, அவ்வளவுதான். வெளியூர் ஆட்கள்தான் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு வருவார்கள்.

அவர்கள் தேடி வருவது நரை அணிலை. 1988-ல் இந்த மலையைச் சரணாலயமாக்கியதே அந்த அணிலுக்காகத்தான். வீட்டு முற்றத்து அணிலை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. பூனை அளவு இருக்கும், உடம்பளவுக்கு வால். எங்களுக்கு ஒரு புளியமரத்தில் காட்சி கொடுத்தது. கிளையில் குப்புறப் படுத்து, வாலை ஈரத்துண்டு போலத் தொங்கவிட்டிருந்தது. சாம்பல் மயிரில் ஆங்காங்கே வெள்ளை. “சாயம் போன தலை மாதிரி இருக்கு” என்று பெரியம்மா தன் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு அது எழுந்து, கிளை நுனிவரை ஓடி, அடுத்த மாமரத்துக்குத் தாவியது, அங்கிருந்து இன்னொன்றுக்கு. தரையில் கால் வைக்கவே இல்லை. இதே இனம் இலங்கையிலும் உண்டு. எங்கே இருந்தாலும் அதற்கு வேண்டியது ஒன்றுதான்: மரத்தோடு மரம் கைகோத்து நிற்க வேண்டும். நடுவே அகலமாக ஒரு சாலை போட்டால், அந்த அணிலுக்கு அது பாலமில்லாத ஆறு.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். வண்டி என் மைத்துனனுடையது, ஓட்டியதும் அவன்தான். முன் சீட்டில் பெரியம்மா, மடியில் புளியோதரைத் தூக்கு. பின்னால் நான், ஒரு கூடை மாம்பழம், இரண்டு கிலோ பால்கோவா. பால்கோவா எதற்கு என்று கேட்டதற்கு, “மலையில யாராச்சும் வீட்டுக்குக் கூப்பிட்டா வெறுங்கையோடவா போறது?” என்றார் பெரியம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். எங்கள் குடும்பத்தில் அது எல்லா ஊருக்கும் செல்லுகிற நாணயமாகி எத்தனையோ காலமாயிற்று.

கிருஷ்ணன்கோவில் தாண்டி டி.கல்லுப்பட்டி வரை பிரதான சாலை. இடதுபுறம் மலை கூடவே வந்தது. உச்சி மூடித்தான் இருந்தது. கல்லுப்பட்டியில் இடப்பக்கம் திரும்பி, பேரையூர் தாண்டி, ஏழுமலை வரை வந்தபிறகு மைத்துனன் ஒரு காரியம் செய்தான். போனில் ‘மேகமலை அருவி’ என்று தட்டினான். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று சுற்றாமல் மல்லப்புரம் வழியே குறுக்கே ஒரு மலைச்சாலையை அது காட்டியது. “பாத்தீங்களா அத்தான், எவ்வளவு மிச்சம்!” என்றான். நானும் தலையாட்டினேன். அதை மறைக்க முடியாது.

அந்தச் சாலை நன்றாகவே இருந்தது. மல்லப்புரத்தை விட்டதும் ஏற்றம். முள்மரங்கள், பாறை, அடுத்தடுத்து வளைவுகள். எதிரே எப்போதாவது ஒரு வண்டி. கணவாயைத் தாண்டி இறங்கினால் மயிலாடும்பாறை. வருசநாட்டுப் பள்ளத்தாக்கு விரிந்தது. இலவ மரங்கள், தென்னை, நடுவே மணலும் பாறையுமாக வைகை. வைகை பிறக்கிற பூமி இது. ஆனால் அன்றைக்கு முழங்கால் நனைக்கத் தண்ணீர் இல்லை. இங்கேயிருந்து பார்த்தால் தெற்கே சதுரகிரி. நாங்கள் வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலிருந்து ஏறுகிற மலைக்கு, வருசநாட்டுக்காரர்கள் உப்புத்துறையிலிருந்து ஏறுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு இந்தப் பக்கம் ஏறி, சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிட்டு, அந்தப் பக்கம் இறங்கிப் பஸ் பிடித்துப் போன கால்கள் உண்டு. காருக்குத்தான் வழியில்லை, காலுக்கு இருக்கிறது.

கோம்பைத்தொழுவில் சாலை முடிந்துவிட்டது. எதிரே பாறையில் சின்னச் சுருளி விழுந்துகொண்டிருந்தது. மேகமலை அருவி என்பதும் இதுதான். தண்ணீர் மேகமலையிலிருந்துதான் வருகிறது. ஆனால் அது இறங்கி வந்த வழியில் நாம் ஏறிப் போக முடியாது. பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், “மேகமலைக்கு இப்படியே போகலாமா அண்ணாச்சி?” என்றேன். அவர் எங்கள் வண்டியின் பதிவெண்ணைப் பார்த்தார். வாரத்துக்குப் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி அலுத்த குரல்: “மேகமலை மேல இருக்கு தம்பி. ரோடு சின்னமனூர்ல இருக்கு.”

தேனிக்குப் போய்ச் சின்னமனூர் சேர அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. மைத்துனன் போனைத் தூக்கி டாஷ்போர்டுக்குள் போட்டான். பெரியம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தார். அருவியில் கால் நனைத்துவிட்டு வந்து, அந்தப் பெரியவருக்கு முதல் பால்கோவாப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

கடமலைக்குண்டு, கண்டமனூர், தேனி, வீரபாண்டி எல்லாம் பசியில் வேகமாக ஓடின. சின்னமனூரில்தான் நின்றோம். சரித்திரம் படித்தவர்களுக்கு இது பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த ஊர். எங்களுக்கு அன்று வாய்க்கால் கரையில் மரநிழல் கிடைத்த ஊர். தூக்கைத் திறந்தோம். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து ஓடியது, இருபுறமும் நாற்று. இரண்டு மணி நேரத்துக்கு முன் பார்த்த வருசநாட்டு மணலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தத் தண்ணீரின் கதையை அங்கே சாப்பிட்டுக்கொண்டே பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியாறு பிறப்பது சிவகிரி மலையில். சிவகிரி ராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசி சாலையில் இருக்கிறது. பெரியம்மாவின் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே மலையின் மறுசரிவில் இறங்குகிற ஆறு மேற்கே கேரளத்துக்குள் போய்விடுகிறது. அதை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டவர் பொறியாளர் பென்னிகுவிக். 1895-ல் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. பெயரிலேயே முகாமை வைத்திருக்கிற லோயர் கேம்ப்பில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையோடு கலந்து மதுரைக்குப் போகிறது. பெரியம்மா கை கழுவப் போனவர் வாய்க்காலை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப இது நம்ம சிவகிரித் தண்ணியா? அங்க அவ குடத்தை வச்சுக்கிட்டு லாரிக்கு நிக்கா.”

நான் பதில் சொல்லவில்லை.

தென்பழனியில் வனத்துறை சோதனைச் சாவடி. மலையடிவாரம். மாலை ஆறு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை வண்டிகளை விடமாட்டார்கள். நாங்கள் மூன்று மணிக்கு வந்துவிட்டோம். டிக்கியைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் இருக்கிறதா, மது இருக்கிறதா, எங்கே தங்கப் போகிறீர்கள். மாம்பழக் கூடையைப் பார்த்த காவலர் சிரித்தார். “இதை வண்டிக்குள்ளயே வச்சுட்டு ராத்திரி தூங்கிறாதீங்க. மேல ஆளு இருக்காரு, வாசம் பிடிச்சு வந்துருவாரு.” யானையை ஆளாக, அவராகச் சொல்வது மலைக்காரர்களின் மரியாதை. எங்கள் ராஜபாளையத்து மாந்தோப்புக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மா காய்க்கிற மாதங்களில் அவர்களும் ராத்திரியில் தகரம் தட்டிக்கொண்டு விழித்திருக்கிறவர்கள்தான். யானைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எதுவும் கிடையாது. சோதனைச் சாவடியும் கிடையாது.

பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பழந்தமிழ் நூல்களில் வருகிற ஒரு பூவின் பெயரை வைத்து எழுதியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஏழாவது பூவுக்கு மேல் பெரியம்மா எதையும் வாசிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு காலத்தில் இது தோட்டத்து லாரிகளும் ஜீப்புகளும் மட்டும் குலுங்கிக்குலுங்கி ஏறிய வழி. இப்போது நல்ல தார்ச்சாலை. பத்தாவது வளைவில் காது அடைத்தது. அப்புறம் ஜன்னல் வழியே உள்ளே வந்த காற்று மாறிவிட்டது. ஈரம், இலை மட்கிய வாசம். அடர்ந்த காடு திடீரென்று முடிந்து, சீவிவிட்ட தலைபோலத் தேயிலை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். வெள்ளைக்காரர்கள் இந்த மலைத்தொடர் அலை அலையாக இருப்பதைப் பார்த்து ஹைவேவி என்றார்கள். நம் வாயில் அது ஹைவேவிஸ் ஆகி, பேரூராட்சிக்கும் பஸ் பலகைக்கும் பெயராகி நிலைத்துவிட்டது. மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தண்ணீரின் பெயராலேயே ஊர்கள். அணைகளை ஒன்றோடொன்று கோத்து, சேர்கிற நீரைக் கீழே சுருளியாறு மின்நிலையத்துக்கு இறக்குகிறார்கள். குடியிருப்புகள் பெரும்பாலும் தோட்டத்து லயன் வீடுகள். கொழுந்து எடுத்துவிட்டு முதுகில் மூட்டையோடு வந்த பெண்கள் எடைபோட வரிசையில் நின்றார்கள். பெரியம்மா அவர்களைப் பார்த்து முதலில் கேட்டது, “குளிருலயே நிக்கீங்களே, காலு நோகாதா?” அவர்களில் ஒருத்தியின் அம்மாவுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அவ்வளவு போதும். இரண்டாவது பொட்டலம் கைமாறியது.

நாங்கள் தங்கியது ஏரியைப் பார்த்த ஒரு சாதாரண விடுதி. வெந்நீர் வாளியில் வரும். போனில் சிக்னல் வராது. பக்கத்து டீக்கடை அடுப்பருகே வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரைப் பார்த்தோம். பளியர் பழங்குடியைச் சேர்ந்தவர். காட்டுக்குள் அவர்களுக்கு முகாம் உண்டு. அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். முகாமைச் சுற்றி அகழி, ராத்திரி கணப்பு. காலையில் எழுந்து நடக்க வேண்டும். நடந்த தடம் கைபேசிச் செயலியில் பதிவாக வேண்டும். கண்ணிவலை கிடக்கிறதா, பட்டை உரித்த மரம் நிற்கிறதா, எச்சம் எதனுடையது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். “எங்க அய்யா தேன் எடுத்த காடுதான். இப்ப நான் காவல் காக்கேன்” என்றார். அதில் பெருமையும் இருந்தது. வேறெதுவோ கொஞ்சமும் இருந்தது.

நாங்கள் ராஜபாளையம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “எனக்கு அய்யனார்கோயில்ல சொந்தம் இருக்கு.” அய்யனார்கோயில் எங்கள் ஊருக்கு மேற்கே, மலையடியில். “எப்படிப் போவீங்க?” என்று கேட்டான் மைத்துனன். பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாற வேண்டும், காசு ஆகும் என்றார். “எங்க தாத்தா காலத்துல நடந்தே போயிருவாங்க. ரெண்டு நாளு.” நானூறு கிலோமீட்டர் டீசல் செலவழிக்கப் போகிற மூன்று பேர் கம்பளிக்குள் நடுங்கியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரவு விடுதி விளக்கைச் சுற்றி வௌவால்கள். மைத்துனன் ஜன்னலைச் சாத்தப் போனான். இந்த மலைக்கும் ஒரு வௌவாலுக்கும் உள்ள தொடர்பை அவனுக்குச் சொன்னேன். ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர், இயற்கைப் பித்து. இங்கே ஒரு குழிவிரியனுக்கே அவர் பெயர்தான் இருக்கிறது. 1948-ல் இந்த மலையில் ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். எல்லா ஊரிலும் இருக்கிற பழந்தின்னி வௌவால் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். 24 வருஷம் அது அங்கேயே கிடந்தது. 1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பல்லை எண்ணிப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்றார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை வைத்தார்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில் மட்டும் வாழ்கிற பழவௌவால். “வெளியே சுத்துறது அதுதானா?” என்றான். தெரியாது என்றேன். அவன் சாத்தப் போன ஜன்னலைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டுப் படுத்தான். குளிரில் செத்தோம்.

மறுநாள் மகாராஜா மெட்டு. இரவங்கலாறு தாண்டிப் போகிற வழி. எனக்கு ஒரு ஆசை இருந்தது: உச்சியில் நின்று நம் ஊர் மலையைப் பின்பக்கமாகப் பார்க்க வேண்டும். கூட வந்த ஜீப் ஓட்டுநர் வெள்ளைச் சுவர் ஒன்றைக் காட்டி, “அதுதான் வருசநாடு. அதுக்கு அந்தப் பக்கம் உங்க மலை” என்றார். சுவர்தான் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றோம். மேகம் முகத்தில் ஈரமாக உரசிப் போனது. பெரியம்மாவின் முன்முடியில் பொட்டுப்பொட்டாகத் தண்ணீர். காலடியில் ஒரு அட்டை அவர் செருப்பு வாரில் ஏறி, தலையைத் தூக்கி எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. மைத்துனன் மூக்குப்பொடி டப்பாவைத் தேடி ஓடினான். பெரியம்மா கிழக்கே கையை நீட்டி, “அப்ப இன்னைக்கு நம்ம ஊர்ல எவளும் வத்தல் போட்டிருக்க மாட்டா” என்றார்.

இறங்கும்போது ஐந்தாவது வளைவுக்குள் பிரேக் கருகுகிற வாடை வந்துவிட்டது. ஓரங்கட்டி நின்றோம். எதிரே ஏறி வந்த தோட்டத்து ஜீப்காரர் நிறுத்தி, “ஏறுன கியர்லயே இறங்கணும் தம்பி. காலை பிரேக்குலயே வச்சிருந்தா எப்படி?” என்றார். அதற்கு மேல் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தோம்.

வருசநாட்டிலிருந்து மலை தாண்டிப் பிளவக்கல், வத்திராயிருப்புப் பக்கம் ஒரு சாலை வேண்டும் என்பது இரண்டு மாவட்டத்து மக்களின் பழைய கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் அது பேச்சில் வரும். கோம்பைத்தொழுப் பெரியவர் கேட்டால் எனக்குப் புரியும். தேங்காயையும் இலவம் பஞ்சையும் சுற்றிக்கொண்டு போகிற லாரி வாடகை அவர் கையிலிருந்து போகிறது. கல்யாணம் காட்சிக்கு மூன்று பஸ் மாறுகிறவர் கேட்டாலும் புரியும். ஆனால் ஒரு நாள் பாதையைத் தவறவிட்ட எங்களைப் போன்ற உல்லாசப் பயணிகளின் வசதிக்காக என்றால், வேண்டாம். 30 கிலோமீட்டர் சாலை இருந்திருந்தால் பெரியம்மா சொன்னதுபோல மத்தியானச் சோற்றுக்கு வந்திருப்போம். எங்களோடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயிரம் வண்டிகள் வந்திருக்கும். செண்பகத்தோப்பு அணிலுக்குத் தாவ மரம் இருந்திருக்காது. அந்த மக்களுக்கு வேண்டியது மலையைக் கீறாமல் கிடைக்க வழி உண்டு. இருக்கிற மல்லப்புரம் சாலையை நன்றாக வைத்துக்கொண்டு, அதில் நேரத்துக்குப் பஸ் விடலாம். அதைக் கேட்பவர்களோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வீடு வந்தபோது மீட்டரில் 430 கிலோமீட்டர் கூடியிருந்தது. போக நினைப்பவர்களுக்கு: போனில் மேகமலை அருவி என்று தேடாதீர்கள், ஹைவேவிஸ் என்று தேடுங்கள். ஆறு மணிக்குள் தென்பழனியைத் தாண்டுங்கள். ஸ்வெட்டரும் மூக்குப்பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன பாலிதீன் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.